ஒரு கப் என்றால் எவ்வளவு

தையல்காரர் எடை மேடையில் ஏறி நின்றார். அறுபத்தொன்று புள்ளி ஏழு என்று காட்டியது. இரண்டு நாளைக்கு முன்பு இதே மேடையிலிருந்து இறங்கிப் போனபோது அவர் சரியாக ஐம்பத்தெட்டு கிலோ. நர்ஸ் எண்ணைக் குறித்துக்கொண்டாள். பேனாவை மூடாமல் அவரையே பார்த்தாள்.

"மூணு கிலோ எழுநூறு அண்ணே."

"நானும்தான் பாத்தேன் சிஸ்டர்."

"ரெண்டே நாள்ல."

"ஆமா."

அது சிறுநீரகம் வேலை செய்யாதவர்களுக்கு இயந்திரத்தில் ரத்தத்தைச் சுத்தம் செய்து அனுப்பும் பிரிவு. பத்துப் படுக்கைகள். ஒவ்வொருவரும் வாரத்தில் மூன்று நாள் வந்து நான்கு மணி நேரம் படுத்துக் கிடப்பார்கள். குடிக்கிற தண்ணீர் வெளியே போக வழி இல்லாததால், ஒரு தடவை வந்து போவதற்கும் மறு தடவைக்கும் நடுவில் குடித்ததெல்லாம் உடம்பிலேயே தேங்கும். அதை இயந்திரம்தான் உறிஞ்சி எடுக்க வேண்டும். ரொம்பத் தேங்கிவிட்டால் மூச்சு வாங்கும். அத்தனையையும் நான்கு மணி நேரத்தில் எடுத்தால் ரத்த அழுத்தம் சரிந்து கை கால் இழுத்துக்கொள்ளும். ஆகவே ஒரு நாளைக்கு இவ்வளவுதான் என்று அளவு வைத்திருந்தார்கள். அந்தப் பத்துப் பேருக்கும் டாக்டர் சொல்லியிருந்தது எழுநூற்றைம்பது மில்லி.

மில்லி என்றால் யாருக்குப் புரியும் என்று நினைத்து, ஆறு வருடத்துக்கு முன்பு நர்ஸ் ஓர் அட்டை தயாரித்தாள். "ஒரு நாளைக்கு ஐந்து கப். தண்ணீர், டீ, காப்பி, பால், சூப் எல்லாம் சேர்த்து." புதிதாக வருகிறவர்கள் கையில் முதல் நாளே அதைக் கொடுத்துவிடுவாள். படிக்கத் தெரியாதவர்கள்கூட ஐந்து விரலை விரித்துக் காட்டினால் தலையாட்டினார்கள்.

"அண்ணே, வெளிப்படையாச் சொல்லுங்க. நடுவுல எங்கயாவது குழாய்ல வாய வைக்கிறீங்களா?"

தையல்காரர் செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னார். "அஞ்சு கப். அதுக்கு மேல ஒரு சொட்டு கிடையாது."

இந்த வாக்கியத்தை நர்ஸ் எத்தனையோ வாயிலிருந்து கேட்டிருந்தாள். வாய் கொப்பளிக்கிறேன் என்று பாதியை விழுங்குகிறவர்கள் உண்டு. பல் தேய்க்கவே நாளைக்கு ஐந்து தடவை போகிறவர் ஒருவர் இருந்தார். தாகம் என்பது மானம் பார்க்காது என்று அவளுக்குத் தெரியும். அதனால் அவள் கோபப்படவில்லை. நம்பவும் இல்லை.

மூன்றாவது மணி நேரத்தில் அவருக்குக் கெண்டைக்கால் கல்லாக இறுகியது. நர்ஸ் ஓடிப்போய்ப் பாதத்தை மடக்கிப் பிடித்து அழுத்தினாள். அவர் பல்லைக் கடித்துக்கொண்டு கூரையைப் பார்த்தார். வலி விட்டதும் நெற்றியைத் துடைத்துக்கொண்டு பேச ஆரம்பித்தார். குரல் மெதுவாகத்தான் இருந்தது.

"நாப்பது வருஷமா அளவு எடுத்துத் துணி வெட்டறேன் சிஸ்டர். எனக்கு அஞ்சு வரைக்கும் எண்ணத் தெரியாதா?"

"தெரியாதுன்னு நான் சொல்லல அண்ணே."

"சரி, நான் ஒண்ணு கேக்கறேன். நீங்க எழுதின கப் என்ன அளவு?"

"கப்னா கப்தான்."

"ரெடிமேட் சட்டையில முப்பத்தெட்டுனு போட்டிருப்பான். ஒரு கம்பெனிக்காரனோட முப்பத்தெட்டு இன்னொருத்தனோட முப்பத்தெட்டுக்குள்ள போகாது. நான் என்னிக்குமே சட்டைக் காலரைப் பாத்து அளவு எழுதினதில்ல. டேப்பைப் போட்டுத்தான் எழுதுவேன்."

அவர் கண்ணை மூடிக்கொண்டார். நர்ஸ் அவர் காலை மெதுவாகக் கீழே வைத்தாள்.

அந்தப் பிரிவில் மாத்திரை விழுங்கத் தரும் காகிதக் கப்புகள் மேசையோரம் அடுக்கியிருந்தன. அவள் ஒன்றை எடுத்துத் தண்ணீர் பிடித்து, அளவுக் கோடு போட்ட குடுவையில் ஊற்றினாள். நூற்றைம்பது. ஐந்தால் பெருக்கினால் எழுநூற்றைம்பது. ஆறு வருடத்துக்கு முன்பு இதே மேசையில் நின்று இதே கணக்கைப் போட்டது ஞாபகம் வந்தது. அப்போது கையில் இருந்த கப் இதுதான். இது அந்த அறையைத் தாண்டி எங்கும் போகாத கப் என்பது அன்று ஏனோ தோன்றவில்லை.

வீட்டுக்குப் போனதும் சமையலறை அலமாரியில் இருந்த கப்புகளையெல்லாம் இறக்கி வரிசையாக வைத்தாள். அவள் கணவர் பஸ் ஓட்டுகிறவர். விடுமுறை நாளில் கேக் செய்வது அவருக்குப் பைத்தியம். மாவுக் கையோடு எட்டிப் பார்த்தார்.

"யாராவது விருந்துக்கு வர்றாங்களா?"

"இல்ல. இதுல எவ்வளவு பிடிக்குதுன்னு பாக்கறேன்."

டீக் கப்பில் விளிம்பு வரை ஊற்றினால் நூற்று எண்பது. யாரும் விளிம்பு வரை ஊற்றிக் குடிப்பதில்லை. வழக்கமாக ஊற்றுகிற மட்டத்துக்கு நூற்றைம்பது வந்தது. மகள் பால் குடிக்கும் கப் இருநூற்றுப் பத்து. பஸ் கம்பெனி ஆண்டு விழாவில் கணவருக்குக் கொடுத்த பெரிய கப் முந்நூற்று நாற்பது. அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது. இத்தனை வருடமாக அந்த அலமாரியைத் திறந்து மூடியிருக்கிறாள்.

"கப்னா எவ்வளவுன்னு தெரிஞ்சுக்கணும்னா என்னைக் கேக்க வேண்டியதுதானே" என்று கணவர் தன் இழுப்பறையைத் திறந்தார். சமையலுக்கென்றே விற்கிற அளவுக் கப்புகள் இரண்டு செட் வைத்திருந்தார். ஒரு செட்டில் ஒரு கப் என்பதன் பக்கத்தில் இருநூற்றைம்பது என்று குத்தியிருந்தது. இன்னொன்றில் இருநூற்று நாற்பது.

"இதுல எது நிஜக் கப்?"

"ரெண்டும்தான். கேக் புஸ்தகம் எந்த ஊர்ல அச்சாச்சோ அந்த ஊர்க் கப்பு."

"புஸ்தகத்துல மில்லி போட்டு, கையில கப்பு மட்டும் இருந்தா?"

"இருநூற்றைம்பதால வகுத்துக்குவேன். நாற்பதா ஐம்பதான்னு தெரியலன்னா ஊத்திப் பாத்துக்குவேன். மாவு இறுகினாக் கொஞ்சம் பால், தளந்தாக் கொஞ்சம் மாவு. கேக்கு கோவிச்சுக்காது."

அவள் சிரிக்கவில்லை. எழுநூற்றைம்பதை அந்தக் கப்பால் வகுத்தால் மூன்று. அட்டையில் போட்டிருப்பது ஐந்து. சமையல் புத்தகம் வைத்திருக்கிற யாராவது அந்தக் கப்பால் அளந்து குடித்திருந்தால் என்ற நினைப்பு வந்ததும் அவள் கை ஈரத்தைப் புடவையில் துடைத்தபடி அப்படியே நின்றுவிட்டாள்.

பத்துப் பேரும் மறு தடவை வந்தபோது அவர்களிடம் நர்ஸ் ஒரே விஷயத்தைச் சொன்னாள். "அடுத்த வாட்டி வரும்போது வீட்ல எதுல குடிக்கறீங்களோ அந்தக் கப்பை எடுத்துட்டு வாங்க. புதுசு வேண்டாம். தினம் குடிக்கறது."

"பரிசு ஏதாவது உண்டா சிஸ்டர்?" என்று ஒருவர் கேட்டார்.

"ஜெயிச்சா ஒரு ஊசி கம்மி."

எல்லோரும் கொண்டுவந்தார்கள். எவர்சில்வர் கப் ஒன்று, பிடி உடைந்தது ஒன்று, கார்ட்டூன் பூனை படம் போட்டது ஒன்று. பூனைக் கப்புக்காரர் பேரனுடையது என்றார். யாரும் நம்பவில்லை. நர்ஸ் ஒவ்வொன்றையும் வாங்கி, "எது வரைக்கும் ஊத்துவீங்க, விரல் வச்சுக் காட்டுங்க" என்று கேட்டு, அந்த மட்டத்துக்குத் தண்ணீர் விட்டு, குடுவையில் ஊற்றிப் படித்தாள். நூற்றெழுபது. இருநூறு. நூற்று நாற்பது. இருநூற்று அறுபது. அடியில் ஒரு துண்டு பிளாஸ்திரி ஒட்டி எண்ணை எழுதினாள். படுக்கையில் கிடந்தவர்கள் தலையைத் தூக்கிப் பார்த்தார்கள். எந்த நாளும் டி.வி. ஓடுகிற அறையில் அன்று யாரும் டி.வி. போடச் சொல்லவில்லை.

தையல்காரருடைய கப்பை அவர் மனைவி துணியில் சுற்றிக் கொண்டுவந்திருந்தார். நீல நிறம். தடித்த பிடி. இரண்டு கையாலும் தூக்க வேண்டும்போல் இருந்தது. எது வரைக்கும் என்று நர்ஸ் கேட்டாள். தையல்காரர் மனைவியைப் பார்த்தார். அந்த அம்மா விளிம்புக்குக் கொஞ்சம் கீழே விரலை வைத்தார்.

முந்நூற்று இருபது.

தையல்காரர்தான் முதலில் கணக்குப் போட்டு முடித்தார். "ஒண்ணரை லிட்டருக்கு மேலே. ரெட்டிப்பைத் தாண்டிடுச்சு."

"ஆயிரத்து அறுநூறு" என்றாள் நர்ஸ். "நீங்க பொய் சொல்லல அண்ணே. நான்தான் தப்பாக் கேட்டுட்டேன்."

அவர் ஜெயித்த மாதிரி எதுவும் காட்டிக்கொள்ளவில்லை. கையை நீட்டி ஊசி ஏற்றக் கொடுத்துவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

நர்ஸ் வராந்தாவுக்கு வந்தபோது அவர் மனைவி பின்னாலேயே வந்தார். "சிஸ்டர், ஒரு நிமிஷம்."

"சொல்லுங்கக்கா."

"அது முந்தி வீட்ல இருந்த கப் இல்ல. இவருக்கு இந்த வியாதி வந்த பிறகு வாங்கினது. அட்டையில அஞ்சு கப்னு இருந்துது. கப்பு எவ்வளவு பெரிசுன்னு இல்ல. கடையில போய் இருக்கறதுலயே பெரிசா எடுத்தேன்." அந்த அம்மா முந்தானை நுனியை விரலில் சுற்றிக்கொண்டே பேசினார். "இவரு ஊசியில நூல் கோக்கறப்ப நூலை நாக்குல நனைப்பாரு. ஒரு நாள் பாத்தேன், நாலு வாட்டி நாக்குல வச்சாரு, நனையவே இல்ல. அப்புறம்தான் கடைக்குப் போனேன். கொஞ்சம் கூடப் போகும்னு தெரியும் சிஸ்டர். இவ்வளவுனு தெரியாது. நான்தான் இவரு காலை இழுக்க வச்சேனா?"

"அளவு எழுதாம அட்டை குடுத்தது நான்க்கா. முதல்ல என்னைத்தான் கேக்கணும்."

உள்ளே போனபோது தையல்காரர் கண் திறந்து படுத்திருந்தார். "அவ சொல்லிட்டாளா?"

"உங்களுக்குத் தெரியுமா?"

"கப்பு பெரிசுனு கண்ணுக்குத் தெரியாதா? ஏன் பெரிசுனு கேட்டா சின்னது வந்துடும்னு கேக்கல." மறுபடி சுவர்ப் பக்கம் திரும்பினார். "அன்னைக்குக் கால் இழுத்தப்பதான் கேட்டுடணும்னு தோணிச்சு. அவகிட்ட கேக்க மனசு வரல. உங்ககிட்ட கேட்டுட்டேன்."

கடைசிப் படுக்கையில் நூலகத்தம்மா இருந்தார். ஓய்வு பெறும் வரை ஊர் நூலகத்தைக் கட்டி ஆண்டவர். திருமணம் செய்துகொள்ளாமல் அக்காவோடு இருக்கிறார். இரண்டு வருடத்தில் ஒரு தடவைகூட ஒரு கிலோவுக்கு மேல் ஏறி வந்ததில்லை. "அந்தம்மாவைப் பாருங்க" என்று நர்ஸ் மற்றவர்களுக்கு அவரைத்தான் காட்டுவாள். அதனால் அவருடைய கப்பை அளக்காமலே விட்டுவிடலாமா என்றுகூட நினைத்தாள். ஆனால் அந்த அம்மா கப்பை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, தன் முறைக்காகக் காத்திருந்தார்.

வெள்ளைப் பீங்கான். விளிம்பில் ஒரு தங்கக் கோடு. ஆறு கப் கொண்ட செட்டில் ஒன்று. நர்ஸ் உள்ளங்கையில் வைத்ததும் விரல்கள் சுற்றி மூடிக்கொண்டன. தண்ணீரைக் குடுவையில் ஊற்றி, கண்மட்டத்துக்குத் தூக்கிப் பார்த்தாள். ஏதோ சிந்திவிட்டதென்று நினைத்து மறுபடி ஊற்றினாள். அதே கோடு.

தொண்ணூறு.

"அம்மா, ஒரு நாளைக்கு இதுல எத்தனை?"

"அஞ்சு. அட்டையில போட்டிருக்கே."

"சில நாள் ஆறு, ஏழு?"

"இல்லையே" என்றார் நூலகத்தம்மா, நூலகத்தில் யாரோ சத்தம் போட்டதுபோல அவளைப் பார்த்து. "அஞ்சுன்னா அஞ்சுதானே."

நானூற்றைம்பது. நர்ஸ் ஃபைலைப் புரட்டினாள். எழுந்து நின்றால் தலை சுற்றல். அழுத்தம் குறைவு. இரண்டு தடவை இயந்திரத்திலேயே மயக்கம். உதடு வெடிப்பு. பக்கத்திலேயே அவள் கையெழுத்து: "தண்ணீர்க் கட்டுப்பாடு மிக நன்று." இதயம் பலவீனமாக இருக்குமோ என்று இரண்டு தடவை ஸ்கேன் எடுத்திருந்தார்கள். ஒன்றும் தெரியவில்லை. யாரும் கப்பைப் பார்க்கவில்லை.

அவள் ஃபைலையும் கப்பையும் அட்டையையும் எடுத்துக்கொண்டு நேராக டாக்டர் அறைக்குப் போனாள். டாக்டர் முழுவதையும் கேட்டார். அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இதை எழுதினது யாரு?"

"நான்தான் டாக்டர்."

"கீழ கையெழுத்துப் போட்டது நானு." மேசை மேல் இருந்த தன்னுடைய காப்பிக் கப்பை ஒரு தடவை பார்த்தார். "இது எவ்வளவு இருக்கும்?"

ஊற்றிப் பார்த்தார்கள். நானூறு. டாக்டர் தலையைச் சொறிந்துகொண்டார். பிறகு நூலகத்தம்மாவின் ஃபைலை இழுத்துக்கொண்டு உட்கார்ந்தார். சுத்தம் முடிந்து இறங்கும்போது இருக்க வேண்டிய எடை என்று அவருக்கு வைத்திருந்த இலக்கே தாழ்வாக இருக்கிறது, அதையும் உயர்த்த வேண்டும், இன்று இயந்திரத்தில் நீர் எடுக்காதே, எழுநூற்றைம்பதை இன்றைக்கே முழுசாகக் கொடு என்றார்.

நர்ஸ் திரும்பி வந்து படுக்கையோரம் முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "அம்மா, நீங்க கொஞ்சமாக் குடிச்சிட்டீங்க. ஒரு நாளைக்கு இன்னும் முந்நூறு மில்லி குடிக்கலாம். முதல் நாள்லேருந்தே குடிச்சிருக்கலாம்."

"முந்நூறுன்னா எவ்வளவு?"

"உங்க கப்ல மூணும், கொசுறா ஒரு கால் கப்பும்."

நூலகத்தம்மா அதை மனதுக்குள் ஊற்றிப் பார்ப்பதுபோல் இருந்தார். "அக்கா கேப்பா. இன்னும் ஒரு வாய் குடியேன்டி, ஒண்ணும் ஆயிடாதும்பா. ஆஸ்பத்திரியில எழுதிக் குடுத்திருக்காங்கன்னு சொல்லுவேன்." 

"இன்னைக்கு இதுவரைக்கும் எத்தனை குடிச்சீங்க?"

"ரெண்டு."

நர்ஸ் காகிதக் கப்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். அந்த அம்மா ஒரு வாய் குடித்தார். இன்னொரு வாய். பாதியில் நிறுத்திக் கப்பைப் பார்த்தார்.

"இது இன்னைக்குக் கணக்கா, நேத்துக் கணக்கா?"

"இன்னைக்குத்தாம்மா. நேத்தையதுக்கு என்ன செய்யறதுன்னு எனக்குத் தெரியல."

மீதியையும் குடித்தார். சொட்டு மிச்சமில்லாமல் அண்ணாந்து குடித்தார். தையல்காரர் எதிர்ப் படுக்கையிலிருந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் தொண்டையும் கூடவே ஏறி இறங்கியது.

அந்த வாரமே பழைய அட்டைகள் போயின. புதியதில் கப் என்ற வார்த்தையே இல்லை. பத்துப் பேருக்கும் ஒளி ஊடுருவும் பாட்டில் ஒன்று கொடுத்து, எழுநூற்றைம்பதில் சிவப்புக் கோடு போட்டார்கள். காலையில் கோடு வரை தண்ணீர் நிரப்ப வேண்டும். டீயோ பாலோ எந்தப் பாத்திரத்தில் வேண்டுமானாலும் குடிக்கலாம். ஆனால் குடிக்கும் முன்பு அதே பாத்திரத்தில் அதே மட்டத்துக்குப் பாட்டிலிலிருந்து எடுத்துச் செடிக்கு ஊற்றிவிட வேண்டும். தண்ணீர் தாகத்துக்குப் பாட்டிலிலிருந்தே குடிக்கலாம். பாட்டில் காலியானால் அன்றைய கணக்கு முடிந்தது. கப்பு பெரிதா சிறிதா என்ற பேச்சே இல்லை.

தையல்காரருக்கு முதல் வாரம் நரகமாக இருந்தது. வந்தபோதெல்லாம் நர்ஸிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. இரண்டாவது வாரம் எடை ஏற்றம் இரண்டு கிலோவுக்குள் நின்றது. காலும் இழுக்கவில்லை. மனைவி கடையில் இருந்ததிலேயே சின்ன கப்பாகப் பார்த்து வாங்கினாராம். எத்தனை வயசுக் குழந்தைக்கு என்று கடைக்காரர் கேட்டாராம். "அறுபத்திரண்டுன்னு சொல்லியிருக்கா சிஸ்டர்" என்று அவர் சொன்னபோதுதான் அறையே சிரித்தது. செடிக்கு ஊற்றுவது மட்டும் அவருக்குப் பிடிக்கவில்லை. "நான் குடிக்கறதெல்லாம் அதுவும் குடிக்குது. ஆனா அதுக்கு எந்த டாக்டரும் அளவு சொல்லல" என்றார்.

நூலகத்தம்மாவுக்குத் தலைசுற்றல் நின்றது. ஒரு மாதம் கழித்து மாடிப்படி ஏறிப் போய்ப் பழைய நூலகத்தைப் பார்த்துவிட்டு வந்ததாகச் சொன்னார். நர்ஸை அவர் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தேவலை என்று நர்ஸுக்கு இருந்தது.

பிறகு ஒரு நாள் ஊசியைக் கழற்றும்போது அவராகவே கேட்டார். "அந்தப் பழைய அட்டை ஒண்ணு கிடைக்குமா? என்னோடத நீங்க வாங்கிட்டீங்களே."

"எதுக்கும்மா?"

"அக்கா நம்பமாட்டேங்கறா. நானா வீம்புக்குப் பட்டினி கிடந்த மாதிரி பேசறா. அஞ்சு கப்னு எழுதித்தான் குடுத்தாங்கன்னு காட்டணும்."

நர்ஸ் இழுப்பறைகளைத் துழாவினாள். ஒன்றுகூட இல்லை. எல்லாவற்றையும் கிழித்துப் போட்டது அவள்தான். வெள்ளை அட்டை ஒன்றை எடுத்து மேசையில் வைத்து, பழைய எழுத்தை ஞாபகத்திலிருந்து எழுதினாள். ஒரு நாளைக்கு ஐந்து கப். தண்ணீர், டீ, காப்பி, பால், சூப் எல்லாம் சேர்த்து. அதன் கீழே ஒரு வரி இடம் விட்டு, "அளவைக் குறிப்பிடாமல் இப்படி எழுதிக் கொடுத்தது நான்தான். உங்கள் தங்கை எழுதியபடியே நடந்தார்" என்று எழுதி, கையெழுத்தும் தேதியும் போட்டாள். நூலகத்தம்மா அதைப் படித்துப் பார்த்து, ஒரு புத்தகத்துக்குள் வைத்துப் பையில் போட்டுக்கொண்டார்.

அடுத்த முறை அவர் வந்து படுத்ததும் நர்ஸ் கேட்டாள். "அக்கா என்ன சொன்னாங்க?"

"ரெண்டு வாட்டி படிச்சா. கண்ணாடியைக் கழட்டித் துடைச்சுட்டு மூணாவது வாட்டியும் படிச்சா."

"அப்புறம்?"

"கையெழுத்து நல்லாருக்குன்னா. டீ போடப் போயிட்டா."